மாப்பிள்ளையின் காரும் மாமனார் வாயும்

என் அருமை மகளே,

கார் இங்கே பாளையங்கோட்டையில் நம் வீட்டு வாசலில் உறை போர்த்திக்கொண்டு பத்திரமாக நிற்கிறது. அதில் போக வேண்டிய நீயும் மாப்பிள்ளையும் ஜோயலும் அங்கே சாத்தான்குளத்தில் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் நான்தான் என்று உன் அம்மா தினமும் காப்பி கொடுக்கும்போது மறக்காமல் சொல்லிவிடுகிறாள். நான் மறுப்பதில்லை. உங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்துதான் அந்தக் காரில் கை வைத்தேன். இப்போது காருக்கு ஒரு கீறல் கிடையாது, நீங்கள்தான் வெட்டவெளியில் போகிறீர்கள். வருகிற சனிக்கிழமை நானே ஓட்ட ஒரு ஆளை வைத்துக் காரைக் கொண்டுவந்து உங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, இனிமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லப் போகிறேன். சொன்னால் சொன்னதுதான், அப்புறம் வாயைத் திறக்க முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் இதில் எழுதிவிடுகிறேன். உன் அம்மா இதை உன் கையில் தருவாள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் காரோடு வந்த தடித்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்த ஒரே ஆள் நான்தான் என்று அடித்துச் சொல்வேன். தாலுகா ஆபீஸில் காலம் முழுக்க சுற்றறிக்கை படித்த கண், அச்சடித்த தாளைக் கண்டால் விடுவதில்லை. ஷோரூமில் அந்தப் பையன் பெரிய திரை, கூரையில் திறக்கிற கண்ணாடி என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் "ஏர்பேக் எத்தனை தம்பி?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னான். திரையும் வேண்டாம், கூரைக் கண்ணாடியும் வேண்டாம், முன்னால் பக்கவாட்டில் எல்லாம் ஏர்பேக் இருக்கிற வண்டியைக் கொடு என்றேன். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். உனக்குக் காரே வேண்டாம் என்றுதான் சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கார் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. கேட்காமலே கொடுப்பதுதான் மரியாதை என்று நம்மாட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆனால் கொடுப்பதற்கு ஒரு முறை இருப்பதுபோல, கொடுத்த பிறகு வாயை மூடிக்கொள்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. கல்யாணத்தன்று கோயில் வாசலில் நம் சபைப் போதகர் ஐயர் காருக்கு முன்னால் நின்று ஜெபம் செய்தார், நான் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நிமிஷத்தோடு அது என் வாய்க்கு அப்பாற்பட்ட பொருள் ஆகிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் போட்ட நகையைப் பற்றிக் கேட்கக் கூடாது, கொடுத்த கட்டிலைப் பற்றிக் கேட்கக் கூடாது, காரைப் பற்றியும் கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் அதைத் தன்னுடையது என்று நினைக்கிறான் என்று அர்த்தம். நகையும் கட்டிலும் யாரையும் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போவதில்லையே அம்மா. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நீ கார் ஓட்டிப் பழகியது நினைவிருக்கிறதா? டிரைவிங் ஸ்கூல் வண்டியில் நீ முன்னால், நான் பின்னால் கூரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. நான் பிரேக், கிளட்ச் என்று தெரிந்த வார்த்தைகளை எல்லாம் கத்தினேன். நீ திரும்பிப் பார்த்து, "எப்பா, ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா? பேசாம இருங்க, இல்லாட்டி இங்கனயே எறங்கிக்கிடுங்க" என்றாய். பிறகு பதறாமல் வண்டியைக் கிளப்பி மேலே ஏற்றினாய். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. உன் லைசென்ஸ் இப்போது பீரோவில் தூங்குகிறது. கல்யாணத்துக்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொட்டு நான் பார்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

நீங்கள் வரும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடி வருவது பேரனைத் தூக்கத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் கண் முதலில் காருக்குள் போகும். முதல் தடவை வந்தபோதே பார்த்தேன், பெல்ட் மாட்டுகிற வாயில் பெல்ட் இல்லாமல் வெறும் இரும்பு நாக்கு ஒன்று சொருகியிருந்தது. கடையில் அதைத் தனியாகவே விற்கிறார்கள். பெல்ட் போட்டாயிற்று என்று காரை நம்பவைத்து, அதன் சத்தத்தை நிறுத்துகிற கிளிப். நான் அதையே பார்ப்பதைக் கண்டு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு, "சும்மா பீப் பீப்னு கத்திக்கிட்டே கெடக்கு மாமா. காது வலிக்கி. அதான் வாய அடச்சிட்டேன்" என்றார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அடுத்த தடவை சீட்டுக்கெல்லாம் தடிமனாக ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார்கள். சீட்டின் விலாவில் ஏர்பேக் என்று எழுதிய சின்ன நாடா தொங்கும், அதையும் சேர்த்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். மோதினால் ஏர்பேக் அங்கேயிருந்துதான் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நான் ஷோரூமில் அத்தனை பேர் முன்னால் கேட்டு வாங்கியது அந்த உறைக்குள் கிடந்தது. "உறை நல்லா இருக்கு மாப்ள" என்றேன். உன் அம்மா உள்ளே போய்ச் சிரித்தாள்.

ஜோயல் பிறந்த பிறகு நான் வாங்கி அனுப்பின குழந்தை சீட்டின் கதை உனக்குத் தெரிந்ததுதான். உன் மாமியார் நல்ல மனுஷி, உன்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அதைப் பார்த்ததும், "பச்சப் பிள்ளையக் கட்டிப் போட்டா கூட்டிட்டுப் போவாவ? மடியில வைக்க ஆளா இல்ல நமக்கு?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பதில் சொல்ல யாரால் முடியும்? நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று அந்த சீட்டு டிவிக்கு முன்னால் இருந்தது, ஜோயல் அதில் சட்டமாக உட்கார்ந்து வாய் நிறைய இட்லி வாங்கிக்கொண்டிருந்தான். வார் கூட அழகாக மாட்டியிருந்தது. வீட்டுக்குள் அவ்வளவு பத்திரம். காரில் போகும்போது முன் சீட்டில் உன் மடியில். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாய்: "எப்பா, நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்கப்பா. நான் பைய சொல்லிப் பாத்துக்கிடுதேன்." நீ சொன்னாயா, சொல்லி நடக்கவில்லையா, எனக்குத் தெரியாது. உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை.

அப்புறம் நம் சபை அசனம் வந்தது. ஊரே கோயில் வளாகத்தில் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற நாளில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பது நமக்குப் பெருமை இல்லையா? நீங்கள் வந்து இறங்கும்போதே கேட்டேன், பிரேக் போட்டதும் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். சாப்பாடு முடிந்து வந்து மாப்பிள்ளை ஃபேனுக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டார். நீ பிள்ளையைத் தூங்கவைக்க அறைக்குள் போய்விட்டாய். நான் வெளியே போய்க் குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சாவி ஃபிரிட்ஜ் மேலே இருந்தது. எடுத்தேன். உன் அம்மா, "இந்தாருங்க, பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, சும்மா இருங்க" என்றாள். வண்டியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவளிடமே பொய் சொன்னேன். பக்கத்து வொர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து ஓட்டிப்போனான், நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

வொர்க்‌ஷாப்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுலயா பிள்ளய வச்சிக்கிட்டு வந்தாவ? உள்பக்கம் கம்பி தெரியுது பாருங்க" என்றார். முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னேன், பிரேக் கட்டை மாற்றச் சொன்னேன், பிரேக் ஆயிலும் கறுத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆள் ஆரம்பித்தால் நிறுத்துவானா? முன் சீட்டு உறைகளை உருவினேன். அந்தக் கிளிப்புகளையும் பிடுங்கி வொர்க்‌ஷாப் குப்பையில் எறிந்தேன். எறியும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தபோது நான் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். டயரைப் பார்த்தார், கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார், டம்ளரைத் திண்டில் வைத்தார். "மாமா, எம் பொண்டாட்டி பிள்ளயக் கொல்லதுக்கா நான் கூட்டிட்டுப் போறேன்?" என்று கேட்டார். இல்லை மாப்ள, அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கையிலிருந்த சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி உள்ளே மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒங்க வண்டி மாமா. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். நீங்கள் பை, பால் பாட்டில், அசனத்துப் பார்சல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள். நீ தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். கோபமா வருத்தமா என்று அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உன் அம்மா ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டினாள். ஏரலில் உன் நாத்தனார் வீட்டு வாசலில் எடுத்தது. பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஜோயல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறான். பின்னால் நீ ஒரு பக்கமாக உட்கார்ந்து சேலையை ஒரு கையால் பிடித்திருக்கிறாய். யார் தலையிலும் ஒன்றும் இல்லை. நல்ல படம் என்று உன் அம்மா சொன்னாள். எனக்குப் படத்துக்கு வெளியேதான் கண் போயிற்று. அந்த ரோட்டில் வாழைத்தார் லாரி வரும், ஓரத்தில் மணல் கிடக்கும், இப்போது மழையும் ஆரம்பித்துவிட்டது. கார் என்னதான் தேய்ந்த டயரோடு இருந்தாலும் அதற்குச் சுற்றிலும் நாலு கதவாவது இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். ஞாயிறுதோறும் நீங்கள் நாத்தனாரைப் பார்க்க ஏரலுக்குக் கிளம்பும் நேரம் ஆனால் எனக்குக் கோயிலில் பிரசங்கம் காதில் விழுவதில்லை.

மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. உன் மாமனாரிடம் பேசினேன். "சின்னப் பயலுக்கு ரோசம் ஜாஸ்தி அண்ணாச்சி. பைய சரியாயிரும், விடுங்க" என்றார். பையச் சரியாவதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி கேட்டேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். கடைசியில் அவர் வழியாகத் தகவல் வந்தது. மாமா நேரில் கொண்டுவந்து விடட்டும், இனி வண்டியில் கை வைக்கமாட்டேன், வாயும் வைக்கமாட்டேன் என்று சொல்லட்டும், வண்டி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வரட்டும். நான் சரி என்றேன். யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றேன்.

ஆகவே கேட்டுக்கொள். உனக்கு ஓட்டத் தெரியும், உனக்குச் சொன்னால் புரியும். டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. பின் டயர் இரண்டும் இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும், நான் மாற்றவில்லை. காற்று எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது, வண்டி ஓடிச் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். மழையில் திடீரென்று பிரேக் போட வேண்டி வந்தால் ஒரே மிதியாக மிதித்துப் பிடிக்க வேண்டும், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. காலுக்கு அடியில் கடகடவென்று உதறும், அது கெட்டுப்போனதால் அல்ல, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி தன் வேலையைச் செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதே, வண்டியைத் திருப்ப முடியும், திருப்பு. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும், மஞ்சள் எரிந்தால் அந்த வாரத்துக்குள் காட்டிவிட வேண்டும். அதன்மேல் சாமந்திப்பூ மாலையைத் தொங்கவிட்டு மறைக்கக் கூடாது. இன்ஜின் கொதித்து நின்றால் தண்ணீர் மூடியைத் திறக்கவே கூடாது, ஆறட்டும். தலைக்குப் பின்னால் இருக்கிற திண்டு கழுத்துக்கு இல்லை, தலைக்கு, அதை உயர்த்தி வை. இதையெல்லாம் எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நீ வண்டியை எடுத்தால்தானே இதெல்லாம்?

சரி, இதையெல்லாம் மறந்துவிடு. உன்னால் முடிகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜோயலை முன் சீட்டில் மடியில் வைக்காதே. மடி பத்திரம் என்று எல்லாப் பெண்களும் நினைக்கிறார்கள், நீ எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மோதுகிற வேகத்தில் கை நிற்காது. அந்த ஏர்பேக் பெரியவர்களை, அதுவும் பெல்ட் போட்டவர்களை நினைத்துச் செய்தது. அது வெடித்து விரிகிற இடத்தில் பிள்ளையின் தலை இருந்தால் காப்பாற்ற வந்ததே அடித்துவிடும். நீ அவனோடு பின்னால் உட்கார். பின் சீட்டு இடுக்கில் கையை விட்டால் இரண்டு கம்பி தட்டுப்படும், குழந்தை சீட்டை அதில் மாட்டலாம். அது இட்லி சாப்பிடுகிற நாற்காலியாகவே இருந்துவிட்டாலும் சரி, பின்னால் உட்காரவாவது செய். "நான் என்ன, ஒனக்கு டிரைவரா?" என்று மாப்பிள்ளை கேட்பார். பிள்ளை முன்னால் இருந்தால் கியரைப் பிடித்து இழுக்கிறான் என்று சொல்லு. அதற்கு யாரும் கோபப்படமாட்டார்கள்.

இன்று காலை நான் ஜங்ஷன் பக்கம் போனேன். வண்டி முன்பு இருந்தபடியே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாரே. சீட்டு உறையை எடுத்துப் பழையபடி மாட்டிவிட்டேன். கிளிப் இல்லை, அதை நான்தான் எறிந்துவிட்டேனே. கார் சாமான் கடையில் போய்க் கேட்டேன். "சத்தம் தொந்தரவா இருக்கோ அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து நானே என் கையால் இரண்டு பக்கமும் சொருகினேன். சாவியைத் திருகிப் பார்த்தேன். கார் ஒரு சத்தமும் போடவில்லை. கொஞ்ச நேரம் அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன் அம்மா. பைக்கைவிட இது பரவாயில்லை, பைக்கைவிட இது பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா வந்து கதவைத் திறந்து கூப்பிட்ட பிறகுதான் இறங்கினேன்.

ஒரு நாள் மாப்பிள்ளை தன் கடைக்குப் போயிருக்கும்போது, அவர் பக்கத்துக் கிளிப்பை உருவி எங்கேயாவது தொலைத்துவிடு. எலி இழுத்தது என்று சொல், ஜோயல் எடுத்து எறிந்தான் என்று சொல், என்னவோ சொல். வண்டி கத்தட்டும். மாமனார் கத்தினால்தான் ரோசம், வண்டி கத்தினால் யாருக்கும் ரோசம் வராது. காது வலித்தாவது அவர் அந்த பெல்ட்டை எடுத்து மாட்டட்டும். உனக்கும் பிள்ளைக்கும் மட்டுமே நான் பயப்படுகிறேன் என்று அவர் நினைக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான். அதை அன்றைக்கு வாசலில் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சனிக்கிழமையும் சொல்லிவிடுவேன் என்று தோன்றவில்லை.

நீ செய்வாயா மாட்டாயா, எனக்குத் தெரியாது. சனிக்கிழமைக்கு அப்புறம் கேட்கவும் மாட்டேன். ஃபோன் பண்ணினால் சாப்பிட்டியா, பிள்ளை சாப்பிட்டானா என்று மட்டும்தான் கேட்பேன்.

அப்பா